சிம்சன் என்பது யாருடைய பெயர்? ஜெர்மனியின் யூதக் குடும்ப ஆலைகள் பற்றி

கேள்வி இதுதான்: "ஜெர்மானிய யூதர்கள் என்றாலே வங்கி, வட்டி, பெரிய துணிக்கடை என்றுதான் படிக்கிறோம். ஆலை கட்டி, எந்திரம் ஓட்டி, பொருள் செய்தவர்கள் அவர்களில் இருந்தார்களா? இருந்தால் அந்த ஆலைகள் இப்போது எங்கே?"

இருந்தார்கள். அவர்கள் செய்த ஒன்றிரண்டு பொருள் உங்கள் வீட்டிலேயே கூட இருக்கலாம். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் ஒரு மொபெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பழைய கிழக்கு ஜெர்மனிப் பகுதியில், குறிப்பாகத் தூரிங்கியாவில், இன்றும் பள்ளிக்கூடப் பையன்கள் ஆசைப்பட்டு வாங்கும் வண்டி சிம்சன். வண்டியின் வயது அப்பாவின் வயதை நெருங்கும். ஆனாலும் அதற்கு மவுசு குறையவில்லை. காரணம் எளிது. ஜெர்மனியில் ஐம்பது சிசி வண்டிக்கு மணிக்கு 45 கிலோமீட்டர்தான் அனுமதி. 1990-ல் இரண்டு ஜெர்மனிகளும் சேர்ந்தபோது போட்ட ஒப்பந்தத்தில் கிழக்கின் பழைய மொபெட்டுகளுக்கு விதிவிலக்குக் கொடுத்தார்கள். அவை 60 வரை போகலாம். அதே லைசென்ஸில் 15 கிலோமீட்டர் கூடுதல். அந்த வயதில் இதைவிட வேறென்ன வேண்டும்? இந்த வண்டிகளில் பேர்போனது 'ஷ்வால்பே'. தகைவிலான் குருவியின் ஜெர்மன் பெயர் அது. 1964 முதல் 1986 வரை பத்து லட்சத்துக்கு மேல் செய்து விற்றார்கள்.

ஓட்டுகிற பலர் சிம்சன் என்பதைக் கம்யூனிஸ்ட் அரசு வைத்த ஏதோ ஒரு பெயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஒரு யூதக் குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்திடமிருந்து ஆலையைப் பிடுங்கியது 1935-ல்.

ஸூல் என்பது தூரிங்கியக் காட்டுக்குள் இருக்கும் சிறு நகரம். இரும்புத் தாதும், எரிக்க மரமும், சுத்தியலை இயக்க ஓடைத் தண்ணீரும் இருந்ததால் பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கி செய்யும் ஊர். 1854-ல் லோப், மோசஸ் என்ற சிம்சன் சகோதரர்கள் அங்கே ஓர் எஃகுச் சுத்தியல் பட்டறையில் பங்கு வாங்கினார்கள். 1856-ல் 'சிம்சன் அண்ட் கோ' பிறந்தது. முதலில் எஃகு, அப்புறம் துப்பாக்கிக் குழல், துப்பாக்கிமுனைக் கத்தி, 1871-க்குப் பிறகு பிரஷ்யப் படைக்கு முழுத் துப்பாக்கி என்று படிப்படியாக ஏறினார்கள். படைக்கு ஆர்டர் வருவதும் நிற்பதும் அரசியலைப் பொறுத்தது. சும்மா கிடக்கும் லேத்துக்கு வேலை வேண்டுமே? 1896-ல் சைக்கிள் செய்தார்கள். குழாய் வளைக்கவும் துளையிடவும் தெரிந்தவனுக்குச் சைக்கிள் கஷ்டமில்லை. துப்பாக்கி ஆலை சைக்கிளுக்குத் தாவுவது அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுக்க நடந்த கதைதான். 1900-களில் காருக்கு வந்தார்கள். 1924-ல் பவுல் ஹென்ஸே வடிவமைத்த 'சிம்சன் சூப்ரா' வந்தது. பந்தயங்களில் ஓடி ஜெயித்த, கைவேலை மிகுந்த, விலையும் மிகுந்த கார். லாபம் வந்ததா என்று கேட்காதீர்கள், பெயர் வந்தது.

சிக்கல் துப்பாக்கியில் வந்தது. முதல் உலகப்போரில் தோற்றபின் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மன் படையை ஒரு லட்சம் பேருக்குள் அடக்கியது. ஆயுதம் யார் செய்யலாம் என்பதையும் வென்ற நாடுகளின் ஆணையம்தான் தீர்மானித்தது. படைக்குக் கைத்துப்பாக்கியும் எந்திரத் துப்பாக்கியும் கொடுக்கும் அனுமதி சிம்சனுக்குக் கிடைத்தது. ஊரிலுள்ள மற்றத் துப்பாக்கிக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். போட்டியாளனின் வயிற்றெரிச்சலும் யூத வெறுப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸூல் ஒரு சோதனைக்கூடம் மாதிரி.

1933-ல் நாஜிகள் வந்த உடனே சிம்சனைத் தொடவில்லை, தொடவும் முடியவில்லை. படைக்கு ஆயுதம் வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் அவர்கள். தூரிங்கியாவின் நாஜிக் கட்சித் தலைவர் ஃப்ரிட்ஸ் ஸௌக்கெல் விடவில்லை. அரசிடம் அளவுக்கு மீறி லாபம் அடித்தார்கள் என்று வழக்குத் தொடுத்தார். ஆர்தர் சிம்சனைச் சிறையில் வைத்து ஆலையை எழுதி வாங்கினார்கள். குடும்பம் 1936-ல் சுவிட்சர்லாந்துக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் தப்பியது. வாயிலில் புதுப் பெயர் ஏறியது.

அப்புறம் நடந்ததுதான் நெஞ்சில் முள்ளாய் நிற்கிறது. 1936 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் நாஜிக் கட்சியின் அந்நாட்டுத் தலைவர் வில்ஹெல்ம் குஸ்ட்லோஃபை டேவிட் ஃப்ராங்க்ஃபுர்ட்டர் என்ற யூத மாணவர் சுட்டுக் கொன்றார். அந்தக் குஸ்ட்லோஃபின் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, யூதர்களிடமிருந்து பிடுங்கிய சிம்சன் ஆலையை அதற்குக் கொடுத்தார்கள். அதன் தலைமையில் ஸௌக்கெல். பெயரை வைத்தே ஒரு பழிவாங்கல். போர்க்காலத்தில் இந்த 'குஸ்ட்லோஃப் ஆலைகள்' புகன்வால்ட் வதைமுகாமை ஒட்டியே ஒரு கிளை கட்டி, முகாமின் கைதிகளைக் கொண்டு துப்பாக்கி செய்தன. ஆக்கிரமித்த நாடுகளிலிருந்து லட்சக்கணக்கானோரைக் கட்டாய வேலைக்கு இழுத்துவந்த ஸௌக்கெலை 1946-ல் நியூரம்பெர்க்கில் தூக்கிலிட்டார்கள்.

போருக்குப் பின் ஸூல் சோவியத் பகுதிக்குள் வந்தது. ஆலையை முதலில் சோவியத் நிறுவனம் நடத்தியது. 1950-களில் கிழக்கு ஜெர்மன் அரசின் கைக்குப் போனது. மோட்டார் சைக்கிள் செய்தார்கள், அப்புறம் மொபெட். பழைய பெயரை மீண்டும் எடுத்துக்கொண்டார்கள். சந்தையில் தெரிந்த பெயராயிற்றே! பெயர் திரும்பியது, குடும்பத்துக்கு எதுவும் திரும்பவில்லை.

சிம்சனைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. இந்த ஆலைகளின் கதையைப் படிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி வாயிலில் மாட்டிய பெயரைப் பின்தொடர்வதுதான். எப்போது ஏறியது, எப்போது இறங்கியது, யார் அதைத் திரும்ப மாட்டினார்கள்? கணக்குப் புத்தகத்தைவிட அது அதிகம் சொல்லும்.

சரி, இவர்கள் ஆலைக்கு எப்படி வந்தார்கள்? அதற்கு முந்தைய இருநூறு ஆண்டு எதற்கெல்லாம் வரவிடவில்லை என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். கைவினைச் சங்கங்களில் யூதர்களுக்கு இடமில்லை. ஆகவே கொல்லனாகவோ தச்சனாகவோ முடியாது. பெரும்பாலான பகுதிகளில் நிலம் வாங்க முடியாது. மிச்சம் இருந்தது மூட்டை சுமந்து ஊர் ஊராகப் போய் விற்பது, மாடு, கம்பளி, பழைய இரும்பு, தோல், துணி வாங்கி விற்பது, கடன் கொடுப்பது. பவேரியாவில் 1813-ல் வந்த சட்டம் ஒவ்வோர் ஊரிலும் இத்தனை யூதக் குடும்பம்தான் இருக்கலாம் என்று பதிவேடு வைத்தது. மூத்த மகனுக்கு இடம் கிடைத்தால் இளையவன் கல்யாணம் செய்துகொண்டு அங்கே குடியிருக்க வழியில்லை. அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர்கள் ஏராளம். அந்தப் பதிவேடு 1861-ல்தான் ஒழிந்தது. வட ஜெர்மனியில் 1869-ல், நாடு முழுக்க 1871-ல் சட்டப்படி சம உரிமை வந்தது.

தடை உடைந்த நேரமும் நீராவி எந்திரம் பரவிய நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. விற்கத் தெரிந்தவர்கள் செய்யத் தொடங்கினார்கள். துணியில் இது தெளிவாகத் தெரியும். முதலில் வியாபாரி நெசவாளியின் வீட்டுக்கே நூல் கொடுத்து, கூலி கொடுத்து, துணியை வாங்கிப் போவார். அப்புறம் அந்த நெசவாளிகளை ஒரு கூரைக்குக் கீழே கூட்டுவார். அப்புறம் விசைத்தறி போடுவார். மேல் சிலேசியாவின் நோய்ஷ்டாட்டில் (இன்று போலந்தின் ப்ருட்னிக்) சாமுவேல் ஃப்ரெங்கெல் 1845-ல் தொடங்கியது இந்த மாதிரிதான். லினன், டமாஸ்க் மேசைவிரிப்பில் உலகச் சந்தைக்குப் போன ஆலை. அவருடைய மருமகன் யோசஃப் பிங்கஸ் வழியாக அது பிங்கஸ் குடும்பத்துக்கும் உரியதானது. யோசஃபின் மகள் ஹெட்விக்கை 1883-ல் அந்த ஊர் ஜெபாலயத்தில் மணந்தவர் பவுல் எர்லிஹ், பின்னாளில் மேகநோய்க்கு மருந்து கண்டவர். யோசஃபின் மகன் மக்ஸ் பிங்கஸ் ஆலையையும் நடத்தினார், சிலேசிய இலக்கியத்துக்கென்று பெரிய நூலகமும் சேர்த்தார். 1934-ல் அவர் இறந்தபோது அடக்கத்துக்கு வந்த யூதரல்லாதவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. வந்தவர்களில் ஒருவர் நோபல் பரிசு பெற்ற நாடகாசிரியர் கெர்ஹார்ட் ஹாவ்ப்ட்மன். அதே சிலேசியாவின் நெசவாளர் பட்டினியையும் கலகத்தையும் நாடகமாக்கியவர் அவர். ஆலை முதலாளியின் நண்பராகவும் இருந்தார். மனிதர்கள் அப்படித்தான்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஜெர்மானியத் தொழில் வளர்ச்சியே யூதர்களால்தான் என்று சிலர் பாராட்டாகச் சொல்வதுண்டு. அது தவறு. யூதர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்தான். 1933-ல் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். க்ருப், தைசன், சீமன்ஸ், போஷ், டைம்லர், பென்ஸ் யாருமே யூதர்களில்லை. நிலக்கரி, எஃகு போன்ற கனரகத் தொழிலில் மேல் சிலேசியாவைத் தவிர மற்ற இடங்களில் யூத முதலாளிகள் குறைவு. ஆயத்த ஆடை, தோல், செருப்பு, உலோக வாணிபம், பொம்மை, பீங்கான், மின்சாரக் கருவி ஆகிய துறைகளில்தான் அவர்கள் பங்கு அதிகம். பெரும்பாலும் கடைசியில் வாடிக்கையாளர் கைக்குப் போகிற பொருட்கள். "எல்லாம் யூதர்களால்" என்ற பாராட்டு 1930-களில் "எல்லாம் யூதர்கள் கையில்" என்ற பழியாக எத்தனை சுலபமாகத் திரும்பியது என்று நினைத்தால், இந்த அளவைச் சரியாகச் சொல்ல வேண்டியதன் அவசியம் புரியும்.

நியூரம்பெர்க் நல்ல உதாரணம். 1499-ல் யூதர்களை வெளியேற்றிய நகரம் அது. 1850 வரை ஒருவரைக் கூடக் குடிமகனாக ஏற்கவில்லை. பவேரியப் பதிவேடு ஒழிந்த சில ஆண்டுகளிலேயே இக்னாஸ் பிங், அடோல்ஃப் பிங் என்ற சகோதரர்கள் அங்கே தகரச் சாமான் வியாபாரத்தோடு வந்தார்கள். அடுப்படிப் பாத்திரத்திலிருந்து தகரப் பொம்மைக்குப் போனார்கள். சாவி கொடுத்தால் ஓடும் ரயில், கப்பல், கார். முதல் உலகப்போருக்கு முன் உலகின் மிகப் பெரிய பொம்மை நிறுவனம் 'பிங் சகோதரர்கள்'தான். இதைக் கவிழ்த்தது நாஜிகளல்ல என்பதையும் சொல்ல வேண்டும். உலகப் பொருளாதார நெருக்கடியில், 1930-களின் தொடக்கத்திலேயே அது திவாலானது. ஆனால் குடும்பத்தில் ஒருவரான ஸ்டெஃபான் பிங் வேறாகத் தொடங்கியிருந்த பொம்மை ரயில் தொழிலை நாஜி ஆட்சியில் விற்றுவிட்டு இங்கிலாந்துக்கு ஓடவேண்டி வந்தது.

அதே நியூரம்பெர்க்கில் 1886-ல் கார்ல் மார்ஷூட்ஸ் சைக்கிள் ஆலை போட்டார். அதன் பெயர் ஹெர்குலிஸ். அதே ஆண்டு மக்ஸ் ஃப்ராங்கன்பூர்கர், மக்ஸ் ஓட்டன்ஷ்டைன் என்ற இருவர் 'விக்டோரியா' சைக்கிளைத் தொடங்கினார்கள். மூவருமே யூதர்கள். இரண்டு ஆலைகளும் பின்னர் மோட்டார் சைக்கிளுக்குப் போய்ப் பல பதின்ம ஆண்டுகள் பேர் வாங்கின. (அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் சைக்கிளோடு இதைக் குழப்ப வேண்டாம். அது இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து வந்த பெயர், வேறு கம்பெனி.) மார்ஷூட்ஸ் எழுபது வயதைத் தாண்டிய பிறகு ஊரைவிட்டு அமெரிக்கா போக நேர்ந்தது.

இந்தியாவுக்கும் வந்த பெயர் ஒன்று உண்டு. மாதேரான் மலை ரயிலின் பழைய நீராவி எஞ்சினைப் பார்த்தவர்கள் அதன் தகட்டில் 'ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பல்' என்று படித்திருப்பார்கள். டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கும் பாட்டியாலா மோனோ ரயில் எஞ்சினும் அவர்கள் செய்ததே. பென்னோ ஓரன்ஸ்டைன், ஆர்தர் கோப்பல் என்ற இருவரும் 1876-ல் பெர்லினில் கூட்டுச் சேர்ந்தார்கள். அவர்கள் கண்ட வழி சாமர்த்தியமானது. தொடக்கத்தில் பெரிய ரயில் எஞ்சின் போட்டிக்கே போகவில்லை. சுரங்கம், கரும்புத் தோட்டம், செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கும் இடம் என்று எங்கும் கழற்றி மாட்டக்கூடிய இலேசான குறுகிய தண்டவாளம், அதில் ஓடும் தள்ளுவண்டி, குட்டி எஞ்சின். தண்டவாளத்தோடு சேர்த்து மொத்தமாக விலை பேசி உலகமெங்கும் அனுப்பினார்கள். நாஜிகள் ஆலையை 'ஆரியமாக்கி', அதாவது யூதர் கையிலிருந்து பிடுங்கி, 1940-ல் பெயரையும் மாற்றி, ரயில்வே சாமான் செய்யும் கம்பெனி என்று சப்பென்ற ஒரு பெயரை வைத்தார்கள். போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் பழைய பெயர் திரும்பியது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேறு எந்தப் பெயரும் தெரியவில்லை.

நிவியாவையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்கர் ட்ரோப்லோவிட்ஸ் ஒரு மருந்தாளர். பவுல் பையர்ஸ்டோர்ஃப் என்பவர் நடத்திய ஹாம்பர்க் மருந்துக்கூடத்தை 1890-ல் விலைக்கு வாங்கினார். உரிமையாளர் மாறினாலும் பையர்ஸ்டோர்ஃப் என்ற பெயரை மாற்றவில்லை. 1901-ல் லூக்கோபிளாஸ்ட் என்ற ஒட்டுப்பட்டை. 1911-ல் நிவியா, எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துவைக்கும் பொருளை ஐசக் லிஃப்ஷூட்ஸ் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்திருந்ததால் வந்த களிம்பு அது. ட்ரோப்லோவிட்ஸ் தொழிலாளிக்கு 1912-லேயே கூலி குறையாமல் வாரம் 48 மணிநேரமாக்கியவர். 1918-ல் இறந்துவிட்டார், 1933-ஐப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், போட்டிக் கம்பெனிகள் சேர்ந்துகொண்டு "நிவியா யூதக் களிம்பு, நம் களிம்பை வாங்குங்கள்" என்கிற பாணியில் பிரசாரம் செய்ததைக் கண்டிருப்பார். நிர்வாகத்திலிருந்த யூதர்கள் விலகினார்கள். தலைவர் வில்லி யாக்கப்ஸோன் ஆம்ஸ்டர்டாம் போனார். முகம் மாறியதால் கம்பெனி தப்பியது. பெயர் ஏற்கெனவே யூதப் பெயர் அல்ல என்பதும் உதவியிருக்கும்.

எல்லாரையும் சொன்னால் இது தொலைபேசிப் புத்தகம் ஆகிவிடும். ஏஇஜி என்ற மின்சாதனக் கம்பெனியை உண்டாக்கிய எமில் ராத்தெனாவ், 1881 பாரிஸ் கண்காட்சியில் எடிசனின் விளக்கைப் பார்த்துவிட்டு வந்து பெர்லினுக்கு மின்சாரம் கொண்டுவந்தவர், தனிக் கட்டுரைக்குரியவர். அவருடைய மகன் வால்ட்டர் வெளியுறவு அமைச்சரானார். 1922 ஜூனில் வலதுசாரித் தீவிரவாதிகள் அவரைக் காரில் துரத்திச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் எபெர்ஸ்வால்டே ஹிர்ஷ் குடும்பத்தை விட மனமில்லை.

ஹிர்ஷ் குடும்பம் ஹால்பெர்ஷ்டாட்டில் செம்பு வாணிபம் செய்தது. ஆசாரமான யூதக் குடும்பம். 1863-ல் பெர்லினுக்கு வடகிழக்கே எபெர்ஸ்வால்டே அருகில் ஒரு பழைய பித்தளை ஆலையை வாங்கிப் பெரிதாக்கினார்கள், தொழிலாளர் குடியிருப்பும் கட்டினார்கள். 1913-ல் அங்கே வீடு கட்டத் தோண்டியபோது ஒரு பானை கிடைத்தது. உள்ளே வெண்கலக் காலத்துத் தங்கம், எண்பதுக்கு மேற்பட்ட உருப்படிகள். ஜெர்மனியில் கிடைத்த வெண்கலக் காலத் தங்கப் புதையல்களில் மிகப் பெரியது. ஹிர்ஷ் அதை மன்னருக்குக் கொடுத்துவிட்டார். 1930 வாக்கில் செம்புக்கு விலை விழுந்தபோது ஒரு வினோத யோசனை வந்தது: செம்புத் தகட்டில் வீடு. பாகங்களை ஆலையில் செய்து, லாரியில் ஏற்றி, போன இடத்தில் மாட்டிவிடலாம். கட்டடக் கலைஞர் வால்ட்டர் க்ரோபியஸ் வந்து வடிவத்தைத் திருத்தினார். இதற்குள் கடனில் சிக்கி ஆலை குடும்பத்தின் கைவிட்டுப் போயிற்று. 1933-க்குப் பிறகு அந்தச் செம்பு வீடுகளுக்குப் புதிய வாடிக்கையாளர் கிடைத்தார்கள். பாலஸ்தீனத்துக்குத் தப்பிப் போகும் யூதர்கள். பணத்தைக் கொண்டுபோக முடியாது, வீட்டைக் கொண்டுபோகலாம். மாதிரிகளுக்கு 'ஹைஃபா', 'ஜெருசலேம்' என்று பெயர் வைத்து விற்றார்கள். ஹைஃபாவில் அவற்றில் சில இன்றும் நிற்கின்றன.

பணத்தை ஏன் கொண்டுபோக முடியாது? இங்கேதான் கொள்ளையின் நுட்பம் இருக்கிறது. பலரும் நினைப்பது போல ஒரு நாள் சிப்பாய்கள் வந்து ஆலையைப் பூட்டவில்லை. பெரும்பாலான இடங்களில் நடந்தது 'விற்பனை'. பத்திரம், சாட்சி, முத்திரை எல்லாம் சரியாக இருக்கும். முதலில் அரசு ஆர்டர் நிற்கும். மூலப்பொருள் ஒதுக்கீடு குறையும். வங்கி கடனைத் திருப்பிக் கேட்கும். உள்ளூர்க் கட்சிக்காரர் வாயிலில் ஆள் நிறுத்துவார். அப்புறம் 'நல்ல விலை' சொல்லிக்கொண்டு ஒருவர் வருவார். அவர் பெரும்பாலும் பழைய போட்டியாளர், சில சமயம் ஆலையின் மேலாளரே. விலையில் ஆலையின் நற்பெயருக்கு மதிப்பில்லை, எந்திரத்துக்கும் சுவருக்கும் மட்டும்தான். 1938-ல் சட்டங்களும் வரிசையாக வந்தன. ஏப்ரலில் 5,000 மார்க்குக்கு மேல் சொத்துள்ள யூதர்கள் எல்லாம் கணக்குக் கொடுக்க வேண்டும். ஜூனில் எது 'யூத நிறுவனம்' என்ற வரையறை. நவம்பரில் நாடெங்கும் யூதர்களைத் தாக்கிய படுகொலைக்குப் பிறகு அந்த யூதர்கள் மேலேயே 100 கோடி மார்க் தண்டம். டிசம்பரில் கட்டாயமாக விற்கவைக்கும் அதிகாரம்.

விற்றுக் கையில் வந்த பணமும் கையில் நிற்காது. நாட்டைவிட்டுப் போனால் சொத்தில் கால்பங்கு 'ஓட்ட வரி'. இது முதலில் யூதர்களுக்காகப் போட்டதே அல்ல. 1931-ல் பணக்காரர்கள் பணத்தை வெளிநாட்டுக்குக் கடத்துவதைத் தடுக்க வந்தது. நாஜிகள் வரம்பைக் குறைத்து வேறு வேலைக்கு வளைத்துக்கொண்டார்கள். மீதிப் பணம் முடக்கிய கணக்கில் போகும். அதை அயல்நாட்டுப் பணமாக மாற்றினால் பிடித்தம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி, 1939-ல் நூறு மார்க்குக்கு நாலு மார்க் மதிப்புத்தான் கிடைத்தது. கையில் ரொக்கமாக எடுத்துப்போக அனுமதி பத்து மார்க்.

கார்ல் யோயெல் கதையில் அதுகூடக் கிடைக்கவில்லை. நியூரம்பெர்க்கில் படுக்கைவிரிப்பும் உள்ளாடையும் தைத்துத் தபாலில் விற்று வளர்ந்தவர். அந்த ஊர் நாஜித் தலைவர் யூலியஸ் ஷ்ட்ரைஹரின் யூத வெறுப்புப் பத்திரிகை அவரை விடாமல் தாக்கியதால் தொழிலையே பெர்லினுக்கு மாற்றினார். 1938-ல் யோசஃப் நெக்கர்மன் என்ற இளம் வியாபாரி அதை வாங்கினார். விலை ஏறத்தாழ 23 லட்சம் மார்க் என்று பத்திரத்தில் எழுதினார்கள். யோயெல் உயிருக்குப் பயந்து சூரிக்குக்கு ஓடிவிட்டார். பணம் அவருக்கு எட்டாத ஒரு கணக்கில் கிடந்தது. போருக்குப் பின் நெக்கர்மன் மேற்கு ஜெர்மனியின் தபால்விற்பனை ராஜாவாக, பொருளாதார அதிசயத்தின் முகமாக ஆனார். 1957-ல்தான் யோயெலுக்கு 20 லட்சம் மார்க் கொடுத்துச் சமரசமானது. அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயலின் தாத்தா இவர்.

யூலியஸ் ஃப்ரோம் கதை இன்னும் மோசம். பெர்லினில் ஆணுறை செய்தவர். தையலில்லாத மெல்லிய உறை; ஜெர்மன் பேச்சில் 'ஃப்ரோம்ஸ்' என்றாலே ஆணுறை என்று அர்த்தமாகும் அளவுக்குப் புகழ். 1938-ல் அந்த ஆலையைச் சொற்ப விலைக்கு வாங்கியவர் ஹிட்லருக்கு அடுத்த நிலையிலிருந்த நாஜித் தலைவர் கோரிங்கின் ஞானத்தாய். பதிலுக்கு அந்த அம்மாள் கோரிங்குக்கு எழுதிவைத்தது இரண்டு கோட்டைகள். ஃப்ரோம் லண்டனில் 1945 மே 12 அன்று, ஜெர்மனி சரணடைந்த நாலாம் நாள் இறந்தார். ஆலை இருந்த இடம் கிழக்கு பெர்லின். அங்கே அரசு எடுத்துக்கொண்டது. மேற்கில், தங்கள் குடும்பப் பெயரையே ஆணுறைப் பெட்டியில் போட, அவருடைய பிள்ளைகள் அந்த அம்மாளின் வாரிசுக்குப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

பெயர் விஷயத்தில் நாஜிகளுக்கே இரட்டை மனம் இருந்தது என்பதற்கு ரோசன்தால் பீங்கான் சாட்சி. ஸெல்ப் நகர ஆலையிலிருந்து ஃபிலிப் ரோசன்தாலை வெளியே தள்ளினார்கள். ஆனால் ஏற்றுமதிக்கு வேண்டும் என்று ரோசன்தால் என்ற பெயரை அப்படியே விட்டுவைத்தார்கள். 1937-ல் அவர் இறந்தார். பிரிட்டனுக்குப் போயிருந்த மகன் ஃபிலிப் போருக்குப் பின் திரும்பிவந்து அந்தக் கம்பெனியில் சேர்ந்து, 1958-ல் தலைவரானார். இப்படித் திரும்பி வந்தவர்கள் மிகச் சிலரே.

மேற்கில் 1947 முதல் ஆக்கிரமிப்புப் படைகளின் சட்டப்படி சொத்துத் திருப்பும் வழக்குகள் நடந்தன. பலருக்கு ஆலை வேண்டாம், பணம் போதும் என்ற நிலை. கொலைக்களமான ஊருக்குத் திரும்பி யார் லேத் ஓட்டுவார்கள்? வாங்கியவர்களோ "நான் நியாய விலைதான் கொடுத்தேன்" என்று சாதித்தார்கள். கிழக்கில் அந்தப் பேச்சே இல்லை. நாஜி எடுத்ததும் மக்கள் சொத்து, யூதன் இழந்ததும் மக்கள் சொத்து. அங்கே 1990-க்குப் பிறகுதான் வழி திறந்தது. உரிமை கோர 1992 டிசம்பர் வரை கெடு. அதற்குள் பல குடும்பங்களில் ஆலையைக் கண்ணால் கண்டவர்கள் யாரும் மிச்சமில்லை.

சிம்சன் ஆலையும் 1990-க்குப் பிறகு கைமாறிக் கைமாறித் தள்ளாடியது. 2002-ல் திவாலாகி உற்பத்தி நின்றது, எந்திரங்கள் ஏலத்தில் போயின. ஸூலில் வாகன அருங்காட்சியகம் இருக்கிறது; சூப்ரா கார் முதல் ஷ்வால்பே வரை பார்க்கலாம். உதிரிபாக வியாபாரம் மட்டும் அமோகம். இதற்கிடையே சில ஆண்டுகளாகத் தூரிங்கியாவின் தீவிர வலதுசாரிக் கட்சிக்காரர்கள் இந்த மொபெட்டைத் தங்கள் 'மண்ணின் அடையாளம்' ஆக்கி, தேர்தல் நேரத்தில் வரிசையாகச் சிம்சன் ஓட்டி ஊர்வலம் போகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் சிம்சன் வாரிசுகள் அதைக் கண்டித்தும் இருக்கிறார்கள். ஊர்வலப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓட்டுபவரின் முழங்காலுக்கு மேலே, பெட்ரோல் டாங்கியில், லோபும் மோசஸும் 1856-ல் பதிவு செய்த பெயர் பெரிய எழுத்தில் இருக்கும்.